வலி ஊசி கேட்காத நாள்

கடந்த ஆண்டு நவம்பர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், லிட்டில் இந்தியாவில் நடந்தது இது. பள்ளி விடுமுறை தொடங்கியிருந்த நேரம். வாரம் முழுவதும் மழை. என் கணவரின் அக்காவும் நானும் அவர் மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுக்கச் சிராங்கூன் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம்.

அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். ஜூரோங்கில் இருக்கிறார். ஒரு தொடக்கப்பள்ளி கேன்டீனில் கடை நடத்துகிறார். இடைவேளை மணி அடித்ததும் பாய்ந்து வரும் பிள்ளைகளை ஒரே அதட்டலில் வரிசையில் நிறுத்திவிடும் குரல் அவருக்கு. வீட்டிலும் அதே குரல்தான். எங்கள் குடும்பத்தில் யாருக்கு என்ன நடந்தாலும் முதலில் அவர் காதுக்குப் போகும், அங்கிருந்து வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். கெட்ட மனசுக்காரர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் வாயில் விழ யாருக்கும் விருப்பம் இருக்காது.

ஒரு பூக்கடையைத் தாண்டும்போது கடைகளுக்கு முன்னால் இருக்கும் ஐந்தடிப் பாதையின் ஈரத் தரையில் என் செருப்பு வழுக்கியது. வலது கையை ஊன்றியபடி விழுந்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. மணிக்கட்டுக்கு மேலே கை கோணலாகத் திரும்பியிருந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வலியே வந்தது. பூக்கடைக்காரர் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். யாரோ ஒருவர் குடை பிடித்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க அண்ணிக்குப் பொறுமை இல்லை. சாலையில் இறங்கி ஒரு டாக்சியைக் கிட்டத்தட்ட மறித்தே நிறுத்திவிட்டார்.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில், உள்ளே போனதும் சில கேள்விகள் கேட்பார்கள். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, வேறு நோய் இருக்கிறதா, தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று. அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். என் அடையாள அட்டை அவர் கையில் இருந்தது.

கடைசிக் கேள்விக்கு நான் "இல்லை" என்று சொன்னேன். அது பொய்.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் திருச்சிப் பெண். கல்யாணமாகி இங்கே வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஒரு லாஜிஸ்டிக்ஸ் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கோவிட் காலத்தில் எல்லைகள் மூடிக் கிடந்தபோது அம்மா ஊரில் இறந்துபோனார். காரியம் எல்லாவற்றையும் போனில்தான் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. மறுநாள் வழக்கம்போல வீட்டிலிருந்தபடியே ஆபீஸ் வேலை பார்த்தேன். அந்த ஆண்டு முடிவில் ஆபீசிலிருந்து வந்த பரிசுக் கூடையில் ஒரு ஒயின் பாட்டில் இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் அதைத் திறந்து கொஞ்சம் குடித்தேன். மனசு கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே மறுநாளும் குடித்தேன்.

எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி வைத்துக்கொண்டால் பார்ப்பவர்களுக்குத் தண்ணீர். காலிப் பாட்டிலை எங்கள் தோ பாயோ வீட்டின் குப்பைக் குழாயில் போட்டால் ஒன்பதாவது மாடியிலிருந்து கீழே விழும்வரை சத்தம் கேட்கும். அதனால் துணியில் சுற்றி எடுத்துப்போய், எங்களை யாருக்கும் தெரியாத ஒரு அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் தொட்டியில் போடுவேன். குடிப்பதைவிட மறைப்பதற்குத்தான் அதிக உழைப்பு தேவைப்பட்டது. காலையில் காப்பி கலக்கும்போது என் கை நடுங்குவதைப் பார்த்து என் கணவர் கேட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டரைப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார்.

பலதுறை மருந்தகம் என்று இங்கே சொல்லும் அரசாங்க கிளினிக்கில் பார்த்து, அங்கிருந்து போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை தரும் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே என்னைப் பார்த்த டாக்டர் என்னைவிட இளைய சீனப் பெண். நாளையிலிருந்து ஒரு சொட்டுகூடத் தொட மாட்டேன் என்று வீறாப்பாகச் சொன்னேன். அவர் அதற்குச் சந்தோஷப்படவில்லை. தினமும் அதிகமாகக் குடிப்பவர்கள் தாங்களாகவே சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், உயிருக்கே ஆபத்து என்று சொன்னார். முதலில் சில நாட்களுக்கு உடம்பின் நடுக்கத்தையும் படபடப்பையும் அடக்க மாத்திரை, கூடவே வைட்டமின். அதையெல்லாம் அவர்கள் கண்காணிப்பில்தான் கொடுத்தார்கள். பிறகு ஈரல் எப்படி இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனை. அதற்கப்புறம்தான் தினமும் ஒன்று வீதம் நால்ட்ரெக்ஸோன் என்ற மாத்திரையைத் தொடங்கினார்.

நான் கேள்விப்பட்டிருந்தது வேறு மாதிரி மாத்திரை. சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் வாந்தி எடுக்கும், முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும் என்பார்கள். இது அப்படி இல்லை என்று டாக்டர் விளக்கினார். குடிக்கும்போது மூளைக்கு ஒரு சுகம் கிடைக்கிறதே, அது போய்ச் சேரும் வாசலை இந்த மாத்திரை அடைத்துக்கொண்டு நிற்குமாம். சுகம் கிடைக்கவில்லை என்றால் மூளை மெல்ல மெல்ல அதைத் தேடுவதையும் குறைத்துக்கொள்ளும். ஆனால் மாத்திரை மட்டும் போதாது, ஆலோசகரிடமும் பேச வர வேண்டும் என்றார். அம்மாவைப் பற்றி முதன்முதலாக அழுதது அந்த ஆலோசகரின் அறையில்தான்.

முதல் சில வாரம் குமட்டலும் தலைவலியுமாக இருந்தது. பிறகு ஒரு நாள் சாயங்காலம் சாம்பார் தாளித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று உறைத்தது. ஆபீஸ் விட்டு வந்ததிலிருந்து அந்த நினைப்பே வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன்.

அந்த டாக்டர் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியிருந்தார். இந்த மாத்திரை சாப்பிடும் ஆளுக்கு மார்ஃபின் வகை வலி மருந்துகள் கேட்காது. கேட்கவில்லையே என்று அளவைக் கூட்டிக்கொண்டே போனால் மூச்சு நின்றுபோகும் அபாயம் உண்டு. அதனால் எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். பர்ஸில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன அட்டையும் தந்தார். யார் கண்ணிலாவது படுமே என்று நான் அதைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் போட்டுவிட்டேன்.

யார் கண்ணில் படும் என்று பயந்தேனோ அவர்தான் இப்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு முறை ஓட்டலில் நடந்த கல்யாண விருந்தில் தூரத்து உறவுப் பெண் ஒருத்தி ஒயின் குடித்துவிட்டுக் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணி அவளைப் போலவே நடித்துக் காட்டினார். காரில் ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். அன்று காலையும் மாத்திரை போட்டுக்கொண்டுதான் அந்தக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன்.

அவசரப் பிரிவில் எனக்கு வலி ஊசி போட்டார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு எலும்பும் உடைந்து விலகியிருக்கிறது, இழுத்துச் சரிசெய்ய வேண்டும் என்றார்கள். ஊசி போட்டு நேரமாகியும் வலி அப்படியே இருந்தது. என்னைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் ஜொகூரிலிருந்து வந்து வேலை பார்க்கும் தமிழ்ப் பெண். வலி எப்படி இருக்கிறது என்று வந்து வந்து கேட்டாள். ஒவ்வொரு முறையும் என் பதிலைக் கேட்டு நெற்றியைச் சுருக்கினாள். பிறகு டாக்டரிடம் போய்ப் பேசிவிட்டு வந்து, இதைவிடப் பலமான மருந்து போடப்போகிறோம், மார்ஃபின் என்றாள்.

முதலில் போட்ட ஊசி ஏன் கேட்கவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணியை எப்படியாவது வெளியே அனுப்ப நினைத்துத் தண்ணீர் வாங்கி வரச் சொன்னேன். இந்த நிலைமையில் உன்னை விட்டுவிட்டு எங்கே போவது என்று அவர் அசையவில்லை. கணவரோ வேலை விஷயமாகக் கொரியாவில் இருந்தார். மகன் தேசிய சேவையில், ராணுவப் பயிற்சிக்காக வெளிநாடு போயிருந்தான். என் சார்பாகச் சொல்ல யாரும் இல்லை.

நர்ஸ் ஊசியைத் தயார் செய்யப் போனவள், என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாளோ, திரும்பி வந்தாள். திரையை இழுத்து மூடினாள். குனிந்து, மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, தினமும் சாப்பிடற மாத்திரை ஏதாவது இருந்தா இப்ப சொல்லிடுங்க. எதுவா இருந்தாலும் பரவாயில்ல. எனக்கு மாத்திரை பேர் மட்டும் தெரிஞ்சா போதும்."

பேர் மட்டும் போதும் என்றது எனக்குத் தைரியம் கொடுத்தது. அந்தப் பெயர் அண்ணிக்குப் புரியாது என்று ஒரு நப்பாசையும் இருந்தது. சொன்னேன். நர்ஸ் சட்டென்று நிமிர்ந்தாள். ஊசியை அப்படியே விட்டுவிட்டு டாக்டரை அழைத்துவரப் போனாள்.

டாக்டர் வந்தார். இன்றைக்கும் சாப்பிட்டீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். எதற்காகச் சாப்பிடுகிறீர்கள் என்று அடுத்த கேள்வி. அவர் பேரில் தப்பில்லை. அவருக்கு அது தெரிய வேண்டும். அண்ணியின் கை என் தோளில் இருந்தது.

"ஆல்கஹால்" என்றேன்.

அது எந்த மொழியிலும் புரிகிற சொல். அண்ணியின் கை அப்படியே இருந்தது, ஆனால் அதில் இருந்த பிடி தளர்ந்துவிட்டது. டாக்டர், இப்போதாவது சொன்னீர்களே, நன்றி என்றார். நர்ஸ் அதைக் கணினியில் ஏற்றினாள். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ சாப்பிடும் மாத்திரையைப் பதிவு செய்வதுபோலத்தான் இருந்தது அவள் முகம். எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

அதன் பிறகு எல்லாமே மாறியது. வேறொரு டாக்டர் வந்து, ஸ்கேன் கருவியில் பார்த்துக்கொண்டே அக்குள் பக்கம் ஊசி போட்டார். நரம்பை மட்டும் மரக்கச் செய்யும் ஊசி. அதை என் மாத்திரை தடுக்காது என்றார். கொஞ்ச நேரத்தில் கை யாருடையதோ போல ஆனது. எலும்பை இழுத்துச் சரிசெய்தபோது இழுப்பது தெரிந்தது, வலி தெரியவில்லை. வலி விலகிய அந்த நிம்மதியில் அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் அண்ணி இல்லை. தண்ணீர் வாங்கப் போவதாக நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ரொம்ப நேரம் வரவில்லை. படுத்தபடியே, அவர் இப்போது யாரிடம் பேசிக்கொண்டிருப்பார், குழுவில் என்ன எழுதுவார் என்று நினைத்து நினைத்து நொந்துபோனேன். திரும்பி வந்தவர் கையில் மைலோவும் ஒரு கறிபஃப் பொட்டலமும் இருந்தன. கண் சிவந்திருந்தது. கறிபஃப்பைப் பிட்டுக் கொடுத்தார்.

மறுநாள் உலோகத் தகடு வைத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். அங்கிருந்த டாக்டர்கள் என் சிகிச்சைப் பிரிவு டாக்டருடன் பேசி, நால்ட்ரெக்ஸோனைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்தார்கள். அறுவைக்குப் பிறகு பலமான வலி மருந்து தேவைப்படலாம். அது உடம்பை விட்டு முழுதாகப் போன பிறகுதான் மாத்திரையை மறுபடி தொடங்க வேண்டும் என்றார்கள். கணவரிடம் போனில், அண்ணி உங்களிடம் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். நீ வழுக்கி விழுந்துவிட்டாய் என்று மட்டும்தான் சொன்னாள், வேலையை முடித்துவிட்டு நிதானமாக வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் என்றார். குடும்பக் குழுவிலும் நான் விழுந்த செய்தியும், கட்டுப் போட்ட கையின் படமும் மட்டும்தான் இருந்தன.

வீட்டுக்கு வந்தபோது அண்ணியும் ஒரு பையோடு என்னுடனேயே வந்துவிட்டார். என்னை சோபாவில் உட்கார வைத்து, கைக்கு அடியில் தலையணை வைத்துவிட்டு, எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எத்தனை விசேஷத்துக்கு வந்து என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டிருப்ப. என்கிட்ட சொல்லணும்னு உனக்கு ஒரு தடவைகூட தோணலயா?"

"உங்ககிட்ட சொல்லத்தான் அண்ணி ரொம்ப பயம்."

அவர் எதிர்பார்த்த பதில் அது இல்லை. முகம் வாடிவிட்டது. எழுந்து போய்ச் சமையலறையில் ஏற்கெனவே கழுவியிருந்த பாத்திரங்களை எல்லாம் மறுபடி கழுவினார். சத்தம் பலமாக இருந்தது. பிறகு சத்தம் நின்றது. வாசலில் வந்து, கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"அந்த ஓட்டல் கல்யாணம். நான் அந்தப் பொண்ண கிண்டல் பண்ணப்ப நீ கார்ல இருந்த, இல்ல?"

இருந்தேன் என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அன்று இரவு சோற்றைப் பிசைந்து ஒரு தட்டில் போட்டு ஸ்பூனோடு கொடுத்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தார்.

மாத்திரை இல்லாத அந்த நாட்களை நினைத்துத்தான் நான் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தேன். பயந்தது போலவே ஒரு நாள் வந்தது. சாயங்காலம், மழை, கையில் விண்விண் என்று வலி. எத்தனையோ மாதங்களாக எட்டிப் பார்க்காத ஆசை வந்து தொண்டையில் உட்கார்ந்தது. டிவியைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். கீழே இறங்கினால் சூப்பர்மார்க்கெட். ஒரு கையால் எடுத்து வர முடியுமா என்றுகூட யோசித்துவிட்டேன்.

அண்ணி டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "இப்ப குடிக்கணும் போல இருக்கா?"

என் கணவர்கூட இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. எல்லோரும் சுற்றி வளைத்துத்தான் கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கோபமாக ஏதோ வரும் என்று பார்த்தேன். அவர், உன் டாக்டர் இதற்கு என்ன செய்யச் சொல்லியிருக்கிறார் என்று கேட்டார். கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் தானாகத் தணிந்துவிடும், தனியாக மட்டும் இருக்கக் கூடாது என்பார் என்றேன்.

"அவ்வளவுதானே லா. நான் இருக்கேன்ல" என்று சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து வெங்காயக் கூடையை எடுத்து வந்து நடுவில் வைத்தார். மகளின் நிச்சயதார்த்தத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது, யார் யாரோடு பேச மாட்டார்கள், யாரை எந்த மேஜையில் உட்கார வைத்தால் சண்டை வராது என்று ஆரம்பித்தார். கேன்டீன் குரலில், உரித்துக்கொண்டே, நிறுத்தாமல் பேசினார். இடையில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். எப்போது ஆசை விலகியது என்று எனக்கே தெரியாது. எங்களுக்குத் தேவைக்கு மேல் வெங்காயம் உரிந்து கிடந்தது.

சிகிச்சைப் பிரிவுக்கு மறுபடி போன அன்று அண்ணியும் கூடவே வந்தார். டாக்டரிடம் எனக்கு முன்னால் அவர்தான் பேசினார். இதைச் சாப்பிட்டுச் சாப்பிட்டு இதுவே ஒரு பழக்கமாகிவிடாதா என்று கேட்டார். நானே கேட்க வெட்கப்பட்ட கேள்வி அது. டாக்டர் சிரித்துக்கொண்டே, இதில் போதை கிடையாது, இதற்கு யாரும் அடிமையாவதும் இல்லை, நிறுத்த வேண்டிய நேரத்தைச் சேர்ந்து முடிவு செய்வோம் என்றார். எல்லோருக்கும் ஒரே மருந்து சரிப்படாது, வேறு மருந்துகளும் இருக்கின்றன, இவருக்கு இது நன்றாகக் கேட்கிறது என்றும் சொன்னார். அண்ணி அதைக் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினார். பரிசோதனை முடிந்து மாத்திரையை மறுபடி தொடங்கச் சொன்னார்கள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அண்ணி, மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டார். சாப்பிட்ட பிறகு, இல்லையென்றால் குமட்டும் என்றேன். அப்படியென்றால் நாளைக்குக் காலையில் இட்லி ஊற்றிவிடுகிறேன் என்றார்.

நிச்சயதார்த்தம் நல்லபடியாக நடந்தது. குளிர்பானம் பரிமாறிக்கொண்டு வந்தபோது, ஓட்டல் கல்யாணத்தில் சிரித்த அந்த உறவுப் பெண்ணுக்குப் பக்கத்தில் அண்ணி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

கை இப்போது நன்றாக இருக்கிறது. இன்னும் மாத்திரை சாப்பிடுகிறேன். பல் டாக்டரிடம் போனாலும், தினமும் என்ன மருந்து என்று கேட்டால் பெயரையும் காரணத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். குரல் தாழ்வதில்லை. திரையை மூடிவிட்டு இன்னொரு முறை கேட்ட அந்த நர்ஸின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவளையும், என் பதிலைக் கேட்டு வெளியே போனாலும் கறிபஃப்போடு திரும்பி வந்த அண்ணியையும் நினைக்கும்போதெல்லாம், அன்றைக்கு என் உயிரோடு சேர்த்து என் கூச்சத்திலிருந்தும் என்னை அவர்கள் காப்பாற்றிவிட்டார்கள் என்றே தோன்றுகிறது.